தினமும் ஒரு பிடி: தேர்வு எழுதும் நம் பிள்ளைகளுக்காக ஒரு தவக்காலச் சிந்தனை

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. தவக்காலம் முதல் ஞாயிறு. நற்செய்தி: லூக்கா 4:1-13)



இன்றைய நற்செய்தியில் நம் ஆண்டவர் பாலைநிலத்தில் இருக்கிறார். நாற்பது நாள் உண்ணவில்லை. பசியும் தனிமையும் வாட்டுகின்றன. அந்த நேரம் பார்த்து அலகை வந்து மூன்று முறை அவரை மடக்கப் பார்க்கிறது. மூன்று முறையும் அவர் மறைநூலிலிருந்தே பதில் சொல்கிறார். கையில் ஏட்டுச்சுருள் இல்லை. எடுத்துக்கொடுக்கப் பக்கத்தில் ஆளும் இல்லை. அப்பத்தைப் பற்றிய சோதனைக்கு இணைச்சட்டம் 8-ஆம் அதிகாரத்திலிருந்து பதில் வருகிறது. மற்ற இரண்டுக்கும் அதே நூலின் 6-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. மூன்றும் நினைவிலிருந்து வந்த பதில்கள்.

அந்த நினைவை அவருக்குக் கொடுத்தது யார்? அதே 6-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும். இறைவார்த்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று மோசே பெற்றோரிடம் கேட்கிறார். வீட்டிலும் வழியிலும், இரவிலும் காலையிலும் அதைப் பற்றிப் பேசச் சொல்கிறார். வீட்டு நிலையில்கூட எழுதி வைக்கச் சொல்கிறார். நாசரேத்து வீட்டில் சூசையப்பரும் அன்னை மரியாவும் இதைத்தான் செய்திருப்பார்கள். ஒரே நாளில் கொட்டித் திணித்தது அல்ல அது. தினமும் கொஞ்சமாகச் சேர்ந்தது. அதனால்தான் பசித்திருந்த வேளையிலும் கைகொடுத்தது.

இந்த வாரங்களில் நம் பிள்ளைகளும் ஒரு பாலைநிலத்தில்தான் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத் தேர்வுகள் நெருங்கிவிட்டன. விருதுநகரிலும் சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் இரவு பத்து மணிக்கு மேலும் வீடுகளில் விளக்கு எரிகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பது ஒரே பயம்: படித்தது மறந்துபோகுமோ? ஆகவே இன்று நினைவைப் பற்றிச் சிந்திப்போம்.

நம் பகுதியில் இது வெறும் மதிப்பெண் விவகாரம் அல்ல. ஒரு பிள்ளை படித்ததை இரண்டு முறை மறந்தால் போதும், "இவன் மண்டையில ஏறல" என்று வீட்டில் ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. அடுத்த தீர்ப்பு, "பயர் ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ கூட்டிட்டுப் போயிரலாம்" என்பது. இந்தக் கந்தக பூமியில் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு இப்படித்தான் நின்றது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் பிள்ளைகளை வைத்திருந்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் அவர்களுடைய நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. இன்று 18 வயது நிறையாத யாரையும் பட்டாசு வேலையில் வைக்கச் சட்டம் இடம் தராது.

இதே மாவட்டம்தான் பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் தமிழகத்தில் முதலிடம் பிடித்தது. 2017-இலும் 2018-இலும் விருதுநகர்தான் முதலிடம். அந்தத் தேர்ச்சிப் பட்டியலில் திரி வெட்டிய கைகளின் பிள்ளைகளும் இருந்தார்கள், தீப்பெட்டி ஒட்டிய கைகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆகவே "மண்டையில ஏறல" என்ற தீர்ப்பை எழுதுமுன் நாம் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

மறப்பது மூளையின் குற்றம் அல்ல, அதன் இயல்பு. ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்ற அறிஞர் பொருளே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்துப் பார்த்தார். 1885-இல் அதை நூலாக வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துவிடுகிறது. அதன்பின் மறதியின் வேகம் குறைகிறது. இன்னொன்றையும் அவர் கண்டார். மறந்ததாக நினைத்த பாடத்தைத் திரும்பப் படிக்கும்போது, முதல்முறை ஆன நேரம் ஆவதில்லை. அப்படியானால் முதல்முறை படித்தது வீண்போகவில்லை. அது உள்ளே அடையாளம் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது. நேற்றுப் படித்தது இன்று மறந்தால், தம்பி, தங்கச்சி, அழாதீர்கள். எபிங்ஹாசுக்கும் அப்படித்தான் மறந்தது.

சரி, மறதியை எப்படி வெல்வது? 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நம் திருச்சபையின் மறைவல்லுநர், மாணவர்களின் பாதுகாவலர் புனித தாமஸ் அக்குவினாஸ் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். தம்முடைய இறையியல் சுருக்கத்தில் முன்மதி என்ற நற்பண்பைப் பற்றி எழுதும் இடத்தில், நினைவாற்றலை அந்த நற்பண்பின் ஒரு பகுதியாக வைக்கிறார். அது பிறவியில் வருவது மட்டுமல்ல, பழக்கத்தாலும் முயற்சியாலும் வளர்வது என்று சொல்லி, நான்கு வழிகளைத் தருகிறார். நம் பிள்ளைகளுக்குப் புரிகிற விதத்தில் அவற்றைப் பார்ப்போம்.

முதல் வழி: நினைவில் வைக்க வேண்டியதற்கு ஓர் உருவம் கொடு. வெறும் சொல் நழுவும், கண்ணால் கண்டது நிற்கும். இதில் நம் ஊர்ப் பிள்ளைகள் பணக்காரர்கள். வேதியியலில் எந்த உலோக உப்பு எந்த நிறத்தில் எரியும் என்று கேட்டால் வெளியூர்ப் பிள்ளை உருப்போட வேண்டும். நம் பிள்ளை தீபாவளி வானத்தை நினைத்தாலே போதும்: ஸ்ட்ரான்சியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், பேரியம் பச்சை. பேரியம் உப்பை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்ததும், அதனால் அப்பாவுக்கு வேலை குறைந்ததும் அந்தப் பிள்ளைக்கு மறக்குமா? தீப்பெட்டியையே எடுத்துக்கொள்வோம். சிவப்பு பாஸ்பரஸ் குச்சியின் தலையில் இல்லை, பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் இருக்கிறது. குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். அம்மா தினமும் தொடுகிற பெட்டியே பாடப் புத்தகம்.

இரண்டாவது வழி: ஒழுங்குபடுத்து. ஒன்றைப் பிடித்தால் அடுத்தது தொடர்ந்து வர வேண்டும். சரவெடியைப் பாருங்கள். நூறு வெடிகள் தனித்தனியாகக் கிடந்தால் நூறு தடவை பற்றவைக்க வேண்டும். ஒரே திரியில் பின்னிவிட்டால் ஒரு பொறி போதும். ஒரு பாடத்தின் தலைப்புகளை முதலில் ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் இரண்டு மூன்று சொற்கள் போதும். அந்தத் தாள்தான் திரி.

மூன்றாவது வழி: அக்கறையோடும் ஆசையோடும் படி. மனம் ஒட்டாத இடத்தில் நினைவும் ஒட்டாது. புத்தகம் மடியில், செல்போன் கையில் என்றால் கண் படிக்கும், மனம் படிக்காது. படிக்கும் ஒரு மணி நேரம் அந்தப் போன் அடுத்த அறையில் இருக்கட்டும். அப்பா, அம்மாவின் போனும்தான்.

நான்காவது வழி: அடிக்கடி நினைத்துப் பார். இங்கே கவனியுங்கள். அடிக்கடி வாசிப்பது வேறு, அடிக்கடி நினைத்துப் பார்ப்பது வேறு. நம் பிள்ளைகளில் பலர் ஒரே பக்கத்தைப் பத்து முறை வாசிக்கிறார்கள். வாசிக்க வாசிக்கத் தெரிந்த மாதிரி இருக்கும். புத்தகத்தை மூடினால் ஒன்றும் வராது. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைப் படித்த பிறகு, சிலரை மறுபடியும் வாசிக்கச் சொன்னார்கள். மற்றவர்களைப் புத்தகம் பாராமல் நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறியது. எழுதிப் பார்த்தவர்கள் பாதிக்கு மேல் சொன்னார்கள். வாசித்தவர்களுக்குப் பாதிகூட வரவில்லை. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆகவே ஒரு முறை நன்றாகப் படி, புத்தகத்தை மூடு, வெள்ளைத் தாளில் எழுது, திறந்து, விட்டதைப் பார். அப்போது ஏற்படும் சிரமம் நல்லது. அந்தச் சிரமம்தான் பாடத்தை உள்ளே இறக்குகிறது.

எத்தனை நாளைக்கு ஒரு முறை? பிடி அரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். விருதுநகரில் வீட்டுக்கு வீடு உலையில் போடும் அரிசியில் தினம் ஒரு பிடியை எடுத்து வைத்து, அதைச் சேர்த்து ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள் நம் முன்னோர். அந்த சத்திரிய வித்யாசாலாவில் படித்த ஒரு சிறுவன், குடும்பச் சூழலால் படிப்பைப் பாதியில் விட்டான். பின்னாளில் முதலமைச்சராகி, 1956-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினான். அவர் காமராசர். ஒரே நாளில் ஒரு மூட்டை கேட்டிருந்தால் எந்த வீடும் கொடுத்திருக்காது. தினம் ஒரு பிடி என்பதால் பள்ளிக்கூடமே எழுந்தது.

படிப்பும் அப்படித்தான். நம் சிவகாசியில் அச்சாகும் தினசரிக் காலண்டர் எல்லா வீட்டிலும் தொங்குகிறது. இன்று ஒரு பாடம் படித்தால் அதன் பெயரை நாளைய தாளில் எழுதுங்கள். மூன்றாம் நாள் தாளில் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை எழுதுங்கள். அந்தத் தாளைக் கிழிக்கும் நாளில் பத்து நிமிடம் அந்தப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். பிடி அரிசி சேர்ந்துவிடும்.

அடுத்து, தூக்கம். மருந்தில் முக்கி எடுத்த தீக்குச்சியை ஈரத்தோடு பெட்டியில் அடைப்பார்களா? காயவைத்துத்தானே அடைப்பார்கள். படித்த பாடம் காய்வது தூக்கத்தில். படித்ததும் தூங்கியவர்களுக்கு, விழித்தே இருந்தவர்களைவிடக் குறைவாகவே மறக்கிறது என்று 1924-இலேயே ஆய்வில் கண்டிருக்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் காபி குடித்து விழித்திருப்பது ஈரக் குச்சியை உரசுவது போன்றது. பயந்து, களைத்து, சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு வானதூதர் அறிவுரை எதுவும் சொல்லத் தொடங்கவில்லை. எழுப்பிச் சாப்பிட வைத்தார், மறுபடி தூங்க விட்டார், மறுபடி சாப்பிட வைத்தார். அதன்பின்தான் பயணம் (1 அரசர்கள் 19). கடைகளில் விற்கும் ஞாபகசக்தி டானிக் எதுவும் செய்யாத வேலையை இந்தச் சோறும் தூக்கமும் செய்யும்.

தேர்வு அறையில் எல்லாம் மறந்துபோன மாதிரி இருந்தால்? பேதுருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் சொன்ன சொல் அவருக்கு முற்றிலும் மறந்திருந்தது. சேவல் கூவியதும் நினைவுக்கு வந்தது. நினைவு தொலைந்துபோவதில்லை, ஒரு சேவலுக்காகக் காத்திருக்கிறது. வராத கேள்வியைத் தாண்டிப் போங்கள். தெரிந்ததை எழுதுங்கள். அதில் ஒரு சொல் சேவலாகக் கூவும். பயம் அதிகம் என்றால், அறைக்குள் போகுமுன் பத்து நிமிடம் அந்தப் பயத்தை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அப்படி எழுதிவிட்டுப் போன பயந்த மாணவர்கள் தேர்வை மேலும் நன்றாக எழுதினார்கள் என்று 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நாம் அதை ஆண்டவருக்கு எழுதும் கடிதமாகவே எழுதலாமே.

இனி பெற்றோரிடம் ஒரு வார்த்தை. அலுமினியப் பவுடர் அப்பிய கையோடு மாலையில் வீடு திரும்பும் அம்மா, ஐயா, "நாங்க படிக்காதவங்க, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?" என்று கேட்கிறீர்கள். முடியும். கைகால் கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன படிச்ச கண்ணு, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு அது சொல்லட்டும். உங்களுக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். புரியவில்லை என்றால் "அது எப்படிம்மா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளை விளக்கும்போது பாடம் அதன் நினைவில் இறங்கும். மோசே வீட்டிலும் வழியிலும் பேசச் சொன்னாரே, அது இதுதான். இந்த இரண்டு மாதம் வீட்டில் குழாய் உருட்டவும் பெட்டி ஒட்டவும் அந்தப் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். சித்தப்பா மகன் எவ்வளவு வாங்கினான் என்று கேட்காதீர்கள். பயந்த மனத்தில் பாடத்துக்கு இடம் இருக்காது.

பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் பீடத்தின் முன் வைத்து மந்திரித்துக்கொள்ளும் வழக்கம் நம் பங்குகளில் உண்டு. நல்ல வழக்கம். தேர்வு எழுதுகிறவர்கள் வேண்டிக்கொள்ளும் புனிதர் ஒருவரும் நமக்கு உண்டு: இத்தாலியின் கூபர்த்தினோ நகர்ப் புனித யோசேப்பு. படிப்பு வராமல் தவித்த ஏழைப் பிள்ளை அவர். திருத்தொண்டருக்கான தேர்வில், தமக்கு நன்றாகத் தெரிந்த ஒரே நற்செய்திப் பகுதியையே ஆயர் கேட்டார் என்பார்கள். 1628-இல் குருவானார், பின்னர் புனிதரும் ஆனார். ஆனால் அந்த ஒரு பகுதியையாவது அவர் நன்றாகப் படித்து வைத்திருந்தார் என்பதை மறக்க வேண்டாம். தூய ஆவியார் ஆண்டவர் கற்பித்ததை நமக்கு நினைவூட்டுவார் என்று யோவான் நற்செய்தி 14-இல் வாசிக்கிறோம். நினைவூட்ட வேண்டும் என்றால் முதலில் கற்றிருக்க வேண்டும் அல்லவா?

இன்றைய நற்செய்தி சொல்லும் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மூன்றாம் சோதனையில் அலகையும் மறைநூலைச் சொல்கிறது. திருப்பாடல் 91 அதற்கு மனப்பாடம்! நினைவாற்றல் மட்டுமே ஒருவரை நல்லவராக்கிவிடாது. படித்ததை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் ஆண்டவரும் அலகையும் பிரிகிறார்கள். நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளை, நாளை தன் அப்பாவின் பட்டாசு ஆலையில் விபத்து நேராத வழியைத் தேடட்டும். நுரையீரலில் தூசி படிந்த அம்மாவுக்கு மருத்துவம் பார்க்கட்டும். அதற்குத்தான் மதிப்பெண்.

தேர்வு முடிவு வரும் நாளுக்காகவும் இப்போதே சொல்லிவைப்போம். தவறினால் துணைத் தேர்வு இருக்கிறது. அதற்கு அப்புறமும் வழிகள் இருக்கின்றன. போன உயிருக்கு மறுதேர்வு இல்லை. மனம் உடைந்தால், பிள்ளைகளே, யாரிடமாவது பேசுங்கள். பங்குச் சாமியாரிடம் எந்த நேரமும் வரலாம். 104 என்ற எண்ணிலும், மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணிலும் பேசலாம். பெற்றோரே, அந்த நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பட்டியலைப் பார்க்குமுன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

தாய் தன் பிள்ளையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர்; நம்மைத் தம் கைகளில் பொறித்து வைத்திருப்பதாகச் சொல்கிறார் (எசாயா 49). நாம் மறக்கிறவர்கள், அவர் மறக்காதவர். அதனால்தான் இறுதி இரவு உணவின்போது தம் நினைவாகச் செய்யும்படி அப்பத்தை நம் கையில் கொடுத்தார். ஒவ்வொரு திருப்பலியும் அந்த நினைவு. ஞாயிறு தோறும், தினம் தோறும், ஒரு பிடி, ஒரு பிடியாக அதையும் நம்முள் சேர்க்கிறோம்.

மன்றாடுவோம். ஞானத்தின் ஊற்றாகிய இறைவா, தேர்வு எழுதப்போகும் எங்கள் பிள்ளைகளை ஆசீர்வதியும். அவர்கள் உழைப்புக்கு உறுதியையும், உறக்கத்துக்கு அமைதியையும் தாரும். வேலைத்தலத்தில் அவர்களுடைய பெற்றோரை ஆபத்தின்றிக் காத்தருளும். எந்தப் பிள்ளையின் பெயருக்கும் நேராக "இது முடியாது" என்று நாங்கள் எழுதிவிடாதபடி எங்களைக் காத்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.